நான்காவது மூலை

காட்வா
ஆகஸ்ட் 6, 1995

மாம்பி,

நீ கல்கத்தாவுக்குப் போனபின் எழுதிய முதல் கடிதத்தை என் பாபாதான் முதலில் பிரித்தார். தபால்காரர் இப்போதெல்லாம் எங்கள் கடிதங்களை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. பாபா வேலை செய்யும் இனிப்புக் கடையிலேயே கொடுத்துவிடுகிறார். அங்கே கொடுத்தால் ஒரு சந்தேஷ் கிடைக்கும். பாபா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கவலையோடு வந்தார். "நட்சத்திரம், பாட்டு, தண்ணிக்குள்ள இருக்கற ராஜ்ஜியம்னு என்னென்னமோ எழுதியிருக்கா. ஹாஸ்டல்ல சோறு எப்படிப் போடறான்னு ஒரு வரி இல்லையே." அதற்கு முதலில் பதில் எழுது.

நீ ரயிலடியில் சொன்ன விதியை மறக்கவில்லை. காகிதத்துக்கு நான்கு மூலை. ஒன்று விஞ்ஞானத்துக்கு, ஒன்று சங்கீதத்துக்கு, ஒன்று நாம் கற்பனையில் கட்டிய அதல்காட் ராஜ்ஜியத்துக்கு. நான்காவது மூலை குறைகளுக்கு. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையிலும் இப்படித்தானே பிரித்தோம்? நான் எழுதுவேன், நீ அதன் முன்னால் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டுவாய். கூட்டத்தில் எனக்கு வாய் வராது. அதனால் உன் வாயை வைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் வரும் சூரிய கிரகணம் டைமண்ட் ஹார்பரில் முழுதாகத் தெரியும், காட்வாவில் முழுதாகத் தெரியாது. சேர்ந்து பார்ப்போம் என்று பி.எஸ்ஸி. முதல் வருடமே பேசிக்கொண்டோம். நூலகத்தில் இன்று ஒன்று படித்தேன். சூரியன் முழுதாக மறைவதற்குச் சற்று முன்னாலும் பின்னாலும் தரையில் மெல்லிய நிழல் வரிகள் ஓடுமாம், குளத்தின் அடியில் வெயில் நெளிவது போல. வெறும் மண்ணில் தெரியாது, வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். உடனே எனக்குக் கடையில் திரித்த பாலிலிருந்து சானா வடிக்கும் துணிகள் நினைவுக்கு வந்தன. கிரகண நாளில் யாரும் பாலைத் திரிக்க மாட்டார்கள், துணியெல்லாம் சும்மா கிடக்கும். பாபா முதலாளியிடம் கேட்டுவிட்டார். எல்லாவற்றையும் ஒன்றாகத் தைக்கத் தொடங்கியிருக்கிறேன். எவ்வளவு துவைத்தாலும் புளித்த பால் வாசம் போகவில்லை.

இன்னொன்று. காலையில் சூரியன் மறைந்து அந்தி போல ஆகும் அந்த ஒரு நிமிடத்தில் என்ன ராகம் பாடுவது? காலை ராகம் பொருந்தாது. அந்த நிமிடத்துக்குப் பூர்விதான் சரி. வருடமெல்லாம் மாலையில் மட்டும் பாடும் ராகத்தைக் காலையில் பாடினாலும் தப்பாகாத ஒரே நிமிடம்.

இதைத் துடைப்பமும் கையுமாக நிற்கும்போது நினைத்தேன். அதற்குள் அதல்காட்டும் வந்து சேர்ந்துகொண்டது. ஆற்றுக்கு அடியில் வாழும் நம் ஜனங்களுக்கு நிழல் கிடையாது அல்லவா? பகலுமில்லாத இரவுமில்லாத நேரத்தில், காலையில் ஒருத்தி மாலை ராகம் பாடினால், அவர்கள் மேலே வருவார்கள், நிழல் தேடி ஓடுவார்கள். துணியின் மேல் ஓடும் வரிகள் அவர்கள்தான். மூன்று மூலையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது எனக்கு இதுதான் முதல் தடவை. உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

நான்காவது மூலையில் பெரிதாக ஒன்றுமில்லை. உன் கடிதத்தில் டுட்டுல் என்ற பெயர் அடிக்கடி வருகிறது. யார் அது?

ஜினுக்


கல்கத்தா
ஆகஸ்ட் 19

அடி ஜினுக்,

பாபாவிடம் சொல்: பருப்புத் தண்ணீரில் பருப்பைத் தேட எங்கள் துறைத் தொலைநோக்கி வேண்டும். மீன் துண்டு இருக்கிறது, ஆனால் மீனுக்கே அது தெரியாது.

டுட்டுல் எங்கள் வகுப்பு. வீடு ஷ்யாம்பஜாரில். வீட்டில் எஸ்ராஜ் இருக்கிறது. எனக்குப் பாட்டில் ஒன்றும் தெரியாது என்று உனக்குத் தெரியும், ஆனால் போன ஞாயிறு அந்த வாத்தியத்தைக் கேட்டபின் டிராமில் திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். டுட்டுலோடு புத்தகத் தெருவில் சாயங்காலம் முழுக்க நடந்தால் காலே வலிக்காது.

நிழல் வரிகளைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். துணி, பூர்வி, அதல்காட், எல்லாம். டுட்டுல் கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு, "இதெல்லாம் உனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நீ இருந்திருக்க வேண்டும்.

விஞ்ஞான மூலைக்கு என் பங்கு: ஹீலியம் என்ற வாயுவின் மஞ்சள் கோட்டைச் சூரியனில் பார்த்தது நம் நாட்டில் ஒரு கிரகணத்தின்போதுதான், குண்டூரில். பூமியில் அதைக் கண்டுபிடிக்கப் பிறகு எத்தனையோ வருடம் ஆயிற்று. தூரத்தில் இருப்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது பார்.

நான்காவது மூலை: கொசு.

மாம்பி


காட்வா
செப்டம்பர் 3

மாம்பி,

"இதெல்லாம் உனக்கு எப்படித் தோணுது" என்று கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய்? உன் கடிதத்தில் கேள்வி இருக்கிறது, பதில் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

கல்லூரி முதல் நாள் நினைவிருக்கிறதா? பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த நீ, என் பெயர்கூடத் தெரியாமல், "சார், இவங்க அப்பா கை பட்டாதான் இந்த ஊர்ல கல்யாணமே நடக்கும், ரசகுல்லா அவர் போடறது" என்றாய். பாபாவையும் என்னையும் நீ முந்தின நாள் கடையில் பார்த்திருக்கிறாய். வகுப்பே சிரித்தது, ஆனால் என்னைப் பார்த்து இல்லை. அன்றிலிருந்து நீ எனக்காகப் பேசினாய், சரி. அந்த வாய் வேறு ஊருக்குப் போய் எனக்குத் தெரியாமல் பேசினால் என்ன செய்வது?

டுட்டுலைப் பற்றி நேராகக் கேட்கிறேன். அவன் உன்னைக் கல்யாணம் செய்துகொள்வானா? எதிர்வீட்டு மஞ்சரிக்கும் இப்படித்தான். ஒருவனோடு நடந்தால் கால் வலிக்காது என்பாள், இப்போது அவனோடு மார்வாடி பட்டியில் குடித்தனம், கடிதமே கிடையாது. சிநேகிதி கல்யாணம் ஆனால் போய்விடுவாள் என்பதற்கு நான் மனதைத் தயார் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆணுக்காக விட்டுக்கொடுப்பது உலக வழக்கம், யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவனிடம் பூர்வியையும் ஏன் கொடுத்தாய்? உன்னைக் கொடுத்தால் போதாதா?

துணி பாதி முடிந்தது. மா கேட்கிறாள், இவ்வளவு பெரிய துணியை எந்த ஆனைக்குக் கட்டப் போகிறாய் என்று.

மற்ற மூலைகளுக்கு இந்தத் தடவை இடமில்லை.

ஜினுக்


கல்கத்தா
செப்டம்பர் 14

பைத்தியமே,

டுட்டுல் பெண்! வீட்டில் கூப்பிடும் பெயரை வைத்துக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையே முடித்துவிட்டாயே. காகிதத்தில் எழுதும் பெயர் தமயந்தி குஹா. என்னைவிடக் குள்ளம், தடிமனான கண்ணாடி, தலையில் எப்போதும் இரண்டு பேனா. உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். என் கட்டிலில் விழுந்து சிரித்தாள். "ஐயோ, எனக்கு மீசை வெச்சுட்டாளே உன் ஜினுக்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இனிமேல் நிம்மதியாக இரு.

துர்கா பூஜைக்கு நான் காட்வா வரவில்லை. எங்கள் வீடு ஆசன்சோலுக்கு மாறிவிட்டதால் காட்வாவில் எனக்கு யாரும் இல்லை என்று தோன்றுகிறது. டுட்டுல் வீட்டில் தங்குகிறேன், பந்தல் பந்தலாகச் சுற்றுவோம்.

கிரகணத்துக்குத் துறையிலிருந்து பஸ் போகிறது. வெளியாருக்கு இடமில்லை என்கிறார்கள், பார்க்கிறேன். டுட்டுல் எஸ்ராஜ் எடுத்து வருகிறாள். அந்த நிமிடத்தில் பூர்வி வாசிக்கப் போகிறாள், இப்போதே தினமும் பழகுகிறாள். எல்லோருக்கும் நிழலில்லாத ஜனங்களைப் பார்க்க ஒரே ஆவல். துணி மட்டும் முடிந்ததும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. காட்வா லோக்கல் ரயிலில் வருகிறவர் யாராவது இருப்பார்கள் அல்லவா?

உன் மாம்பி


காட்வா
செப்டம்பர் 22

மாம்பி,

நிம்மதியாக இருக்கச் சொல்கிறாய். ஆண் என்று நினைத்தபோதுதான் நிம்மதியாக இருந்தேன், அது இப்போதுதான் தெரிகிறது. கணவன் உட்காரும் இடம் வேறு. அங்கே உட்கார நான் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் விஞ்ஞானம் படித்த, பாட்டுத் தெரிந்த, அதல்காட்டைக் கேட்டால் சோறு உண்ண மறக்கும் ஒரு பெண் உட்காரும் இடம் என்னுடையது. நான் எழுந்து போகவே இல்லை. அதற்குள் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள், நீ விசிறி வீசுகிறாய்.

அவளுக்கு எஸ்ராஜ் இருக்கிறது. எனக்குப் படகுத்துறை ரேடியோ இருக்கிறது, பேட்டரி தீர்ந்தால் அதுவும் இல்லை. அவள் பூர்வியைப் பழகுகிறாள். நான் அதைப் பழகவில்லை. ஆறு தாண்டும்போது காற்றில் யாருக்கும் கேட்காது என்பதால் முணுமுணுத்து முணுமுணுத்து வந்தது. அது உனக்கு மட்டும் கேட்டது, நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால்.

என் கடிதத்தை அவளிடம் படித்தாய். சிரித்தாள். இதையும் படி. இதற்கும் சிரிக்கட்டும்.

துணி வராது. பாபா கேட்டார், "தைச்சு முடிச்சிட்டியா, மாம்பி வந்து எடுத்துப்பாளா?" என்று. முடியவில்லை என்றேன். முடிந்துதான் இருந்தது. பாபாவிடம் நான் சொன்ன முதல் பொய் உன்னால்.

நான்காவது மூலை நிரம்பிவிட்டது. மற்றதெல்லாம் காலி. கீழே இருப்பது என் காகிதப் பெயர்.

ஷெஃபாலி மோதக்


(அஞ்சலட்டை)
காட்வா
அக்டோபர் 5

மாம்பி,

விஜயதசமியின் அன்பை ஏற்றுக்கொள். பாபாவும் மாவும் உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம்.

ஷெஃபாலி


கல்கத்தா
அக்டோபர் 12

ஜினுக்,

விஜயதசமி வாழ்த்துக்கு எதிரிகூடப் பதில் போட்டாக வேண்டும். அது தெரிந்துதான் அனுப்பினாய். அட்டையில் பாதி காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இனி நான் சொல்வதை யாரிடமும் படித்துக் காட்டவில்லை. இங்கே வந்த முதல் வாரம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து யாருக்கு என்ன பிடிக்கும் என்று பேசினார்கள். ஒருத்தி கருந்துளை என்கிறாள், ஒருத்தி சரோத் வாத்தியம் என்கிறாள், ஒருத்தி ஏதோ ராட்சசக் கதைகளில் பெயர் பெயராக ஒப்பிக்கிறாள். என் முறை வந்தது. எனக்கு என்ன பிடிக்கும்? தேடிப் பார்த்தேன். எனக்குப் பிடித்ததெல்லாம் உனக்குப் பிடித்தவை. உன்னைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் உன்னையே எடுத்துச் சொன்னேன், உன் பெயரை விட்டுவிட்டு. மூன்று வருடம் உனக்காகப் பேசினேன் என்கிறாய். உன்னுடையதைப் பேசும்போது மட்டும் எல்லோரும் என்னைப் பார்த்ததை நீ கவனிக்கவில்லை. எனக்கு அப்போதும் பொறாமைதான். கையில் துடைப்பத்தோடு நின்றால்கூட உனக்கு ஒன்று தோன்றுகிறது.

உன் கடிதத்தைப் படித்து டுட்டுல் சிரித்தாள் என்று எழுதினேன். பிறகு நடந்ததை எழுதவில்லை. சிரித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இவ எழுதறது நீ பேசற மாதிரியே இருக்கே. இல்ல, நீதான் இவ மாதிரி பேசறியா?" நான் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே தொல்லை. "ஜினுக்கை எப்பக் கூட்டிட்டு வருவே? ஜினுக் டீயில சர்க்கரை போட்டுப்பாளா? ஜினுக்குக்கு மோகன் வீணை பிடிக்குமா?" என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னைக் கேட்கிறாள்.

பஸ்ஸில் இடம் இருந்தது. நான் கேட்கவே இல்லை. நீ ஏறினால் டுட்டுல் உன் பக்கத்தில் போய் உட்காருவாள். நான் பின்னால் வேறு யாரோடாவது உட்கார வேண்டும்.

இப்போது கேட்டுவிட்டேன், இடம் தந்துவிட்டார்கள். கிரகணத்துக்கு முந்தின நாள், காளி பூஜை அன்று, பிற்பகல் ரயிலில் வா, ஹௌராவில் பெரிய கடிகாரத்தின் கீழே நிற்பேன். நீ வர வேண்டும் என்று முழு மனதோடு சொல்கிறேன் என்று எழுதினால் அது பொய். ஆனாலும் வா.

மாம்பி


டைமண்ட் ஹார்பர்
அக்டோபர் 24, பிற்பகல்

ஜினுக்,

கடிகாரத்தின் கீழே கடைசி காட்வா லோக்கல் வரை நின்றேன். துணி மூட்டையோடு இறங்கும் ஒவ்வொரு பெண்ணும் நீயாக இருப்பாயோ என்று பார்த்தேன். சானாத் துணியோடு யாரும் இறங்கவில்லை.

ஆற்றங்கரையில் தேர்த் திருவிழாக் கூட்டம். டுட்டுல் வீட்டிலிருந்து ஒரு விரிப்பு எடுத்து வந்தாள், மஞ்சள் பூப் போட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. "இதுல நிழல் எது, பூ எதுன்னு யாரு கண்டுபிடிக்கறது?" என்று கேட்டேன். "உன் ஜினுக் வந்திருந்தா எனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள்.

வெளிச்சம் குறையக் குறையக் குளிர் வந்தது. குளிரில் எஸ்ராஜ் தந்திகள் சுருதி விலகிவிட்டன. டுட்டுல் குனிந்து முறுக்காணியைத் திருகினாள், சுருதி சேரவில்லை, மறுபடி திருகினாள். சூரியன் மறைந்து, கரையெல்லாம் சங்கு ஊதி, பெண்கள் குலவையிட்டு, ஒரு முனையில் மோதிரக் கல் போல வெளிச்சம் திரும்பி வந்துவிட்டது. அவள் அதுவரை தலையைத் தூக்கவே இல்லை. பூர்வி யாரும் வாசிக்கவில்லை. பாவம், இப்போது பஸ்ஸில் போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். அவள் கையில் பூர்வி வராததில் எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அது உனக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

இனி சொல்வதை டுட்டுலிடம்கூடச் சொல்லவில்லை. மறைவதற்குச் சற்று முன்னால் நான் மேலே பார்க்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு கிழவர் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார், சலவை மடிப்புக் கலையாத வேட்டி. அதன் பின்பக்கத்தில் ஓடின, ஜினுக். மெல்லிசாக, வரி வரியாக, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, தண்ணீர் வழிவது போல. அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் மட்டும் பார்த்தேன்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே பார்த்த முதல் விஷயம் இது. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

மாம்பி


காட்வா
நவம்பர் 2

மாம்பி,

காளி பூஜை அன்று ஸ்டேஷனுக்கு வந்தேன். துணியைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பாபா கூட வந்தார். ரயில் நின்றது. ஏறுகிற படியில் கால் வைத்ததும், பஸ்ஸில் டுட்டுலுக்கும் உனக்கும் நடுவில் நீங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நான் ஊமையாக உட்கார்ந்திருப்பது கண்முன்னால் வந்தது. இறங்கிவிட்டேன். பாபா சாக்கோடு வீட்டுப் பக்கம் திரும்பினார். வழியில், "துணி கனமா இல்ல. நாளைக்குத் துறையில விரிச்சுக்கலாம்" என்றார்.

படகுத்துறை அரசமரத்தின் கீழே விரித்தேன். இங்கே சூரியன் ஒரு நகக்கண் அளவு மிஞ்சி நின்றுவிட்டது. வரிகள் ஓடவில்லை, ஓடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இலைகளின் இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும் பிறையாக மாறியது. துணி முழுக்கக் குட்டிக் குட்டிப் பிறைகள், காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து அசைந்தன. வீட்டுக்குள் கதவடைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க வந்தார்கள். கடை முதலாளி இனிப்புத் தட்டுகளில் துளசி போட்டு மூடிவிட்டு வந்தவர், தன் துணிகளில் பிறை விழுந்திருப்பதைப் பார்த்து, இனி இதில் எப்படி சானா வடிப்பது என்று நின்றார்.

ஆறு செம்பு நிறமானதும் பாடினேன். முணுமுணுப்பு இல்லை, வாயைத் திறந்து. துறைப் புரோகிதர் குளித்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "கிரகண நேரத்துல மந்திரம் சொல்லாம என்ன பாட்டு, அதுவும் பொம்பளைப் பிள்ளை?" என்றார். எனக்குப் பாட்டு நின்றுபோனது. பாபா சொன்னார்: "பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணு, காரணம் இல்லாம பாடாது. நீங்க முழுக்குப் போடுங்க, தாக்குர்மொஷாய்." மறுபடி ஆரம்பித்து முடித்தேன். உன் வாய் தேவைப்படவில்லை. அதைப் பெருமையாக எழுதவில்லை. பாடும்போது பக்கத்தில் உன்னைத் தேடினேன்.

ஆக, பூர்வி இங்கே, நிழலில்லாதவர்கள் அங்கே. நான் கூப்பிட்டேன், அவர்கள் உன்னிடம் வந்துவிட்டார்கள். அந்த வேட்டிக் கிழவர் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? பெயர் தெரிந்தால் எழுது, திட்டுவதற்காவது வேண்டும்.

அவர்கள் வேட்டியில் மேலிருந்து கீழாக ஓடியதை அதல்காட்டில் சேர்க்க வேண்டும். அந்த அத்தியாயத்தை நீதான் எழுத வேண்டும். நீ பார்த்தது. அதில் என் பெயர் வேண்டாம்.

இந்த மாதம் இங்கே கார்த்திக் பூஜை. தெருவுக்குத் தெரு போட்டி போட்டுக்கொண்டு ஊர்வலம் வரும், யார் கார்த்திக் சாமி சிலை பெரியது என்று சண்டை. உனக்குத் தெரியாததா? டுட்டுலை அழைத்துக்கொண்டு வா. எஸ்ராஜையும் கொண்டு வரச் சொல். இங்கே குளிர் இன்னும் வரவில்லை, சுருதி விலகாது. மாலையில் படகில் போவோம். டீயில் எனக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி என்று அவளிடம் சொல்லிவிடு.

நான்காவது மூலை: அவள் நன்றாக வாசித்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். மோசமாக வாசித்தால் இன்னும் அதிகமாக இருக்கும், அதையும் நீ இத்தனை நாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாயே என்று. இப்போதே சொல்லிவிடுகிறேன். படகில் நடுவில் நான்தான் உட்காருவேன்.

ஜினுக்